பெருகிப் போன தையல்

அக்காவுக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதிதான் இருந்தது. சிரித்தால் அந்த இடத்தில் நாக்கு நுனி எட்டிப் பார்க்கும். புருஷன் அடித்ததில் போனது என்று, பின்னால் தெருவுக்கு வந்தவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்று வேறு சிலர் சொன்னார்கள். கரும்பு கடித்தேன், போய்விட்டது என்று அவளே ஒருமுறை என் பெண்ணிடம் சொன்னாள். மூன்றும் பொய். அந்தப் பல் எதைக் கடித்துப் போனது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருப்பது நான். எனக்கும் இதைச் சுமந்து அலுத்துவிட்டது.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அவள் 'பிணைக்கிற அக்கா'. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைத் தொகுதி, நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் நுனியோடு சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போட்டால், சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லில் சிக்கிக்கொள்ளும். அதனால் விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரே ஓர் உருட்டு. அந்த உருட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் சாம்பல் பூத்தே இருக்கும். கழுவினாலும் போகாது.

உருட்டியதும் இழையை ஒரு இழு இழுத்துப் பார்ப்பாள். அது தொழிலுக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தப் பழக்கம் தறியோடு நிற்கவில்லை. கண்ணில் பட்ட எதையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். மாட்டின் கயிறு, கதவின் நாதாங்கி, கொடியில் காயும் புடவை, தெருவில் போகிற பெண்பிள்ளைகளின் பின்னல், எதுவும் தப்பாது. தென்னேரியிலிருந்து கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்கு வந்த அன்று, ஆரத்தி எடுத்த கையோடு என் தாலிக்கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். கூட வந்திருந்த என் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், "கெட்டியாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்று, அவள் வாயில் 'அறுந்தது' என்ற சொல் வராது. தாலிக்கயிறு நைந்துபோனால் பெருகிடுச்சு என்று சொல்வது எல்லாருக்கும் வழக்கம்தான். அக்கா எந்தக் கயிறுக்கும் எந்த இழைக்கும் அப்படித்தான் சொல்வாள். ஒருநாள் கிணற்றுக் கயிறு பாதியில் அறுந்து, குடம் தடாலென்று உள்ளே போனது. "அய்யய்யோ, கயிறு பெருகிடுச்சே" என்று அவள் கத்தினாள். பக்கத்தில் நின்ற தறிக்காரர் ஒருவர், "பெருகிச்சுன்னா ரெண்டு மொழம் நீளமால்ல ஆயிருக்கணும்? இங்க பாதிதான கீது?" என்றார். "நீ உள்ள எறங்கி அளந்து பாருபா, மீதி அங்க இருக்குது" என்றாள் அவள். அன்றைக்குத் தெருவே சிரித்தது.

அவள் புருஷன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிப் போனவன். போய் எத்தனை வருஷம் என்று அவளும் சொல்லமாட்டாள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் தானே மஞ்சள் கயிறு திரித்து மாற்றிக்கொள்வாள். மாற்றிவிட்டு, இழுத்தும் பார்த்துக்கொள்வாள். அவன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாததால் அவளைச் சுமங்கலி என்றே வைத்திருந்தார்கள். அவள் கை ராசியான கை என்று பெயர். அவள் உருட்டிய இழை ஒன்றுகூட விட்டதில்லை. அதனால் கல்யாணத்துக்கு நெய்கிற கூறைப் புடவைப் பாவென்றால் அவள்தான் பிணைக்க வேண்டும் என்று தறி போட்டவர்கள் காத்துக்கிடப்பார்கள். குழந்தை குட்டி இல்லாதவளுக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் சொத்து. நான் இதைச் சும்மா சொல்லவில்லை. அந்தச் சொத்தைத் தின்றவள் நான்.

எனக்கு முதல் குழந்தை ஆறு நாள் இருந்தது. அடுத்தது இரண்டு மாதம். மூன்றாவது எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பக்கம் தலையும் ஒரு பக்கம் காலும் தொங்கும். தூளியில் போட்டால் உடம்பு வளைந்து, குடித்த பால் மூக்கு வழியாக வந்துவிடும், முகம் நீலம் பாய்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பார்த்துவிட்டு, "படுக்கவே போடாதம்மா. நெஞ்சோட நிமித்தி வெச்சிக்கோ. ஆறு மாசம் தாண்டிட்டா பொழச்சிக்கும்" என்றாள். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

எங்கள் வீட்டில் இருந்தது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா ஓடுகிற ஒவ்வொரு தடவையும் இரண்டையும் கோத்து வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், கரைப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து தனி நாடா தள்ள வேண்டும். அந்த ஆள் நான். நான் எழுந்தால் தறி நின்றுவிடும், தறி நின்றால் வீடு நின்றுவிடும். குழந்தையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு வலது கையால் நாடா தள்ளினேன். அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் தூக்கம் ஒன்றுதான். தூங்கியது அல்ல, தூங்காதது. உட்கார்ந்தபடி கண் செருகும். "ஏய், கோர்வ வுட்டுடுச்சு பாரு" என்று அவர் கத்தும்போது விழிப்பேன்.

மாமியார் கெட்டவள் இல்லை. நாடாவுக்கு நூல் தார் சுற்றிச் சுற்றியே முட்டி தேய்ந்து போனவள், அவளுக்கும் அலுப்பு. ஆனால் வாய் மட்டும் அலுக்காது. "ரெண்டு உன் கையில போயிடுச்சு. இதுவும் போச்சுன்னா நீ தென்னேரிக்கே போயிடும்மா. எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அதில் கோபம்கூட இல்லை. நாளைக்கு என்ன சமையல் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் நம்பினேன்.

அப்போது எங்கள் தறிக்குப் புதுப் பாவு வந்தது. அக்கா பிணைக்க வந்தாள். தறிக்குப் பின்னால் மூன்று நாள் உட்கார்ந்து இழை உருட்டிக்கொண்டே என்னையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளும் நான் குழந்தையை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டே தார் சுற்றினேன், சமைத்தேன், தண்ணீர் இழுத்தேன். மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் எழுந்து வந்து, குழந்தையைத் தாங்கியிருந்த என் இடது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இந்தக் கை இன்னும் பத்து நாளிக்கு மேல தாங்காது. ஒரு பழைய வேட்டி எட்தாமா" என்றாள்.

"எதுக்குக்கா?"

"புள்ளைக்கு ஒரு பை தெக்கப் போறேன். மாருல கட்டிக்க. ரெண்டு கையும் உனக்கு வந்துடும்."

மாமியார் கேட்டுவிட்டாள். "கோயில் வாசல்ல ஊசிபாசி விக்கறவ மாரி புள்ளைய ஒடம்புல கட்டிக்கினு திரியறதா? நல்லா இருக்குது" என்றாள்.

"அவுங்க புள்ள கீழ வுழுந்து நீ எப்பனா பாத்திருக்கியா அத்தே?" என்றாள் அக்கா.

நெய்கிற தெருவில் யாருக்கும் தைக்கத் தெரியாது என்றால் இப்போது சிரிப்பார்கள். எங்கள் கையிலிருந்து துணி முழுசாகத்தான் வெளியே போகும். வெட்டுவதும் தைப்பதும் கடைத்தெருத் தையல்காரர் பாடு. தறி இருக்கிற வீட்டுக்குள் துணியை வெட்டக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். அக்கா வேட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடி பூவரச மரத்தடியில் வைத்து அரிவாள்மணையில் அறுத்தாள். அதற்கு முன்னால், ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் ஊசிபாசி விற்கிற பெண்களோடு ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து, அவர்கள் குழந்தையை எப்படிக் கட்டுகிறார்கள், பாரம் எந்தத் தோளில் இறங்குகிறது, முடிச்சு எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். தடித்த ஊசி ஒன்றும் அவர்களிடமே வாங்கினாள்.

வேட்டியை நான்காக மடித்து, குழந்தை உட்காரும் இடத்தைத் தைத்தாள். பின்பக்கம் தலை சாயாமல் இருக்க ஒரு சாண் உயரம் கூடுதலாக விட்டாள். தோளுக்கும் இடுப்புக்கும் நான்கு பட்டைகள் வேண்டும். சாயம் திட்டுத் திட்டாக ஏறியதென்று, பட்டு கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி தள்ளிவிட்ட பட்டுக் கரை கொஞ்சம் அவளிடம் கிடந்தது. அரக்கு நிறம். அதைத்தான் பட்டையாக வைத்தாள். தைத்த நூலும் பட்டுதான். எட்டு இழை சேர்த்து முறுக்கி, மெழுகு தடவிய நூல். தையல்காரர் மாதிரி ஓட்டுத் தையல் போட அவளுக்குத் தெரியாது. ஒரு குத்து, ஒரு இழு. மறுபடி ஒரு குத்து, ஒரு இழு. பட்டை பையோடு சேர்கிற இடம் நான்கு விரல் அகலம். அதைத் தைக்க அவளுக்கு ஒரு நாள் பிடித்தது. நான்கு இடமும் முடிய நான்கு நாள். ஒவ்வொரு தையலுக்கும் கடைசியில் நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். ஊசி வேலையை அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான் கேட்கவுமில்லை. எனக்கு வேண்டியது கைதான்.

பை முடிந்தும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு அம்மிக் குழவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளையை முதன்முதலில் தொட்டிலில் விடும்போது, முதலில் குழவிக்கல்லைப் போட்டுவிட்டுத்தான் பிள்ளையைப் போடுவோம். கல்லைப் போல நிலைக்கட்டும் என்று. அக்கா அந்தக் குழவியைப் பையில் போட்டு, தன் மார்பில் கட்டிக்கொண்டு, மூன்று நாள் தெருவில் நடந்தாள். வீடு வீடாகப் பிணைக்கப் போனபோதும் கல்லோடுதான் போனாள், தண்ணீர் எடுத்ததும் கல்லோடுதான்.

"இன்னாக்கா, ஆணா பொண்ணா?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

"கல்லு. உன் கால்ல வுழுந்தா இன்னான்னு தெரிஞ்சிக்குவ."

"பாலு குடிக்குதா?"

"உன்ன மாரி இல்ல. வாயத் தொறக்காம கெடக்குது."

மூன்றாம் நாள் சாயங்காலம் குழவியை அம்மியில் வைத்துவிட்டு, பையை என்மேல் கட்டினாள். குழந்தையை எடுத்து உள்ளே உட்காரவைத்தாள். அதன் காது என் நெஞ்சோடு ஒட்டியது. இரண்டு கைகளையும் நான் முன்னால் நீட்டிப் பார்த்தேன். யாரோ எனக்கு இரண்டு கைகளைக் கடன் கொடுத்த மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன்.

அக்கா அழுகைக்கெல்லாம் நிற்கிறவள் இல்லை. "இத்த கேளு" என்றாள். "தையலு என் கையில. யான இழுத்தாலும் போவாது. ஆனா முடிச்சு உன் கையில இருக்குது. பட்டு வழுக்கும். ஒரு சுத்து போட்டா நிக்காது. எச்சி தொட்டு ரெண்டு சுத்து. அப்பால ஒரு இழு. இழுக்காம நடக்காத. இன்னா?"

சரி என்றேன். அதன்பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று, முடிச்சை ஒரு இழு இழுத்துவிட்டுப் போவாள். குழந்தை தேறியது. நாடா தள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே என் நெஞ்சில் தூங்கப் பழகியது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. தூங்காதவள் நான் ஒருத்திதான்.

நாலாம் மாதம் மழைக்கால முடிவில் அதற்குச் சளி கட்டியது. மூன்று ராத்திரி நான் உட்கார்ந்தே இருந்தேன். நான்காம் நாள் விடியற்காலையில் எங்கள் பாவைத் தெருவில் நீட்ட வேண்டும். யாரோ பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடுப்பு உயரத்தில் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். பெண்கள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே பிரிப்போம். அக்கா அந்தக் கோடியில் விட்டுப்போன இழைகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி, வெயிலு வந்துடும்" என்று மாமியார் கூப்பிட்டாள். குழந்தை அப்போதுதான், மூன்று நாளில் முதல்முறையாக, நிஜமாகத் தூங்கியிருந்தது. பையை மெல்லக் கட்டினேன். ஒரு சுற்று போட்டேன். இரண்டாவது சுற்றுக்குப் பட்டையை இறுக்க வேண்டும். இறுக்கினால் குழந்தை விழித்துக்கொள்ளும். விழித்தால் மறுபடி இருமும், மறுபடி அழும், மறுபடி நான் உட்கார வேண்டும். இழுத்துப் பார்க்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், மறந்துபோய் விடவில்லை. அலுப்பு. அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பாவின் நடுப்பகுதிக்கு வந்திருப்பேன். தோளில் ஏதோ லேசானது. லேசானதே என்று ஒரு கணம் சுகமாகக்கூட இருந்தது. அதற்குள் குழந்தை என் மார்பிலிருந்து வழுக்கி முன்னால் விழுந்தது.

தரையில் விழவில்லை. பாவின்மேல் விழுந்தது. இழுத்துக் கட்டிய ஆயிரக்கணக்கான இழைகள் ஒரு முழம் தாழ்ந்து அதைத் தாங்கிக்கொண்டன. படபடவென்று இழைகள் அறுந்துபோகும் சத்தம் கேட்டது. அப்புறம் குழந்தை வீறிட்டது. அந்த மாதிரி ஓர் இனிமையான அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடி வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் பார்த்தது பாவைத்தான்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இன்னாடி பண்ண? இன்னா பண்ண நீ?"

அவள் முகத்தில் தென்னேரி எழுதியிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. "தையல் அறுந்துபோச்சு அத்தே" என்றேன்.

தெரு மொத்தமும் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தது.

அவள் முதலில் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, கை கால் ஒவ்வொன்றையும் மெதுவாக நீட்டிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் என் இடுப்பில் தொங்கிய பையை அவிழ்த்து எடுத்தாள். சாம்பல் விரலால் நான்கு தையல்களையும் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் அப்படியே இருந்தன. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள். நான் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"இங்க கண்ணு தெரியல. வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிணற்றடிக்குப் போனாள். தெருவில்தான் நல்ல வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பையின் தோளில் போடும் பட்டை ஒன்று ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கத்தியால் வெட்டியிருந்தால் வெட்டினது தெரிந்துவிடும். இது நைந்து போனதுபோல நுனி நுனியாக இருந்தது.

"ஆமா, என் தையலுதான் பெருகிடுச்சு" என்றாள், முந்தானைக்குள்ளிருந்து.

அதற்குமேல் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மாமியார் பேசினாள், பாவு கொடுத்த முதலாளி பேசினார், அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். அறுந்த இழைகளைப் பிணைக்க அவள் உட்காரப் போனபோது, "நீ தொடாத" என்று அவளை நிறுத்திவிட்டு, அடுத்த தெருவிலிருந்து வேறொருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக நின்று, அந்தப் பெண் உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை நல்ல வேளையாகப் பிழைத்தது என்று மாமியார் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் தலையைத் தடவியது அன்றைக்குத்தான்.

மறுநாள் அக்கா வந்தாள். பையைத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிய்ந்த அந்த ஓர் இடத்தை மட்டும் பச்சைப் பட்டு நூலால் தைத்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. என்மேல் கட்டிவிட்டு, "ரெண்டு சுத்து" என்றாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். அதன்பிறகும் என் பெண் நடக்கிற வரை தினமும் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் கூறைப் புடவைப் பாவுக்கு அப்புறம் எங்கள் தெருவில் அவளை யாரும் கூப்பிடவில்லை. ராசி போன கை என்றார்கள். புருஷன் போய்த் திரும்பாததையும் அதோடு சேர்த்துப் பேசினார்கள். அவள் ஓரிக்கைப் பக்கம் பருத்தி நூல் தறிகளைத் தேடி நடக்கத் தொடங்கினாள். காலையில் போய்ச் சாயங்காலம் புழுதிக் காலோடு திரும்புவாள். "நூல் பாவு, கண்ண மூடிக்கினு உருட்டலாம். தூக்கம்தான் வருது" என்பாள். பட்டு உருட்டிய விரலுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை கிணற்றடியில் அவளைத் தனியாகப் பிடித்து, "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "பேச்ச வளக்காத. புள்ள முழிச்சிக்கும்" என்றாள். பிள்ளை அப்போது வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருந்தது. அவள் தடுத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

என் பெண்ணுக்குப் பதினாலு வயதில் கல்யாணம் நிச்சயமானது. கூறைப் புடவையை எங்கள் தறியிலேயே நெய்வதென்று முடிவு. பாவு வந்தது. நான் யாரையும் கேட்காமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெண் அவள் சிநேகிதிகளோடு கோயிலுக்குப் போயிருந்தாள். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை.

"அந்தக் கையா? பேத்தி கல்யாணத்துக்கா?" என்றாள்.

அப்போது சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரும் இருந்தார். "அத்தே, தையல் போவல. நான் முடிச்ச சரியாப் போடல. ஒரு சுத்துதான் போட்டேன். நான் பொய் சொன்னேன்." சொல்லி முடித்ததும் உடம்பே காற்றுப்போல ஆகிவிட்டது.

அக்கா சிரித்தாள். "இன்னா அத்தே இவ, பொண்ணு போவப் போறான்னதும் புத்தி கெட்டு உளறிக்கினு இருக்கறா. நான் தெச்சது எனக்குத் தெரியாதா?"

"அதான? நீயே சொன்னியே அன்னிக்கு" என்றாள் மாமியார். வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தறிக் குழியில் இறங்கிவிட்டார்.

படியிறங்கிப் போன அக்காவின் பின்னாலேயே ஓடினேன். பூவரச மரத்தடியில் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏங்கா? நான்தான் சொல்லிட்டேனே. நீ ஏன் இல்லன்ன?"

அவள் திரும்பினாள். கோபம் இல்லை, ரொம்ப நடந்து வந்தவள்போல இருந்தாள். "நீ சொன்னா உனக்குப் பாரம் எறங்கும். எனக்குப் பல்லு மொளைக்குமா?" என்றாள்.

உதட்டைத் தூக்கி அந்தப் பாதிப் பல்லைக் காட்டினாள். வருஷக்கணக்காக இழை கடித்துத் தேய்ந்த பல். எட்டு இழைப் பட்டு அதைப் பாதியாக்கியிருந்தது. "அப்படித் தெச்சிருக்கறேன் பாரு, பெருகவே மாட்டேன்னுடுச்சு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அப்புறம் ஓரிக்கைப் பாதையில் நடந்தாள். கூறைப் பாவை வேறொருத்திதான் பிணைத்தாள்.

அதற்கு இரண்டாம் வருஷம் அக்கா போய்விட்டாள். நான்தான் குளிப்பாட்டினேன். மஞ்சள் கயிறு கெட்டியாகத்தான் இருந்தது.

பை என் பெட்டியில் இருக்கிறது. வேட்டித் துணி பழுப்பேறி, தொட்டால் பொடியாகிறது. பட்டுக் கரையும் வெளுத்துவிட்டது. மூன்று இடத்தில் அரக்கு நூல், ஓர் இடத்தில் பச்சை. போன வாரம் பெட்டியைத் திறந்தபோது எடுத்து, அந்தப் பச்சைத் தையலைப் பல்லில் வைத்துக் கடித்து இழுத்தேன். மறுபடி இழுத்தேன். ஈறெல்லாம் வலி எடுத்து, வாயில் ரத்தம் கரித்தது. தையல் அசையவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த என் பெண் அந்தப் பக்கமாக வந்தவள் நின்று, "இன்னாம்மா கடிச்சிக்கினு இருக்கற?" என்று கேட்டாள்.

கரும்பு என்றேன்.